பவுடர் போட்ட சிலிகான்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். முப்பத்தைந்து வருஷ வேலையில் மற்றவர்கள் படிப்பதற்காக நான் எழுதிய ஒரே வாக்கியம் ‘பெயிண்ட் ஈரம், தொடாதீர்கள்’ என்பதுதான். அதையும் எல்லோரும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படித்தார்கள். அப்படிப்பட்டவன் பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. சமையலறை அலமாரிகளைச் சுற்றிப் பெயிண்ட் அடிக்கும்போது பழைய சிலிகானை என்ன செய்வது என்று எங்கள் பெயிண்டர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் மூன்று முறை போன் செய்தார். முடியாது என்று சொல்வதற்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கும் என்பதால் சரி என்று சொல்லிவிட்டேன்.

இந்த விஷயத்தில் சங்கத்தில் எனக்குப் பெரிய பெயர் உண்டு. ஏழுமலை கை வைத்த கிச்சனில் இரண்டாம் தடவை பெல் அடிக்க வேண்டியதில்லை என்பார்கள். அது உண்மை. காரணத்தை மட்டும் யாரும் கேட்டதில்லை. முன்பின் தெரியாதவர்கள் வீட்டு வாசலில் நின்று பெல் அடிப்பது எனக்கு ஆகாது. என்ன பேசுவது என்று படியிலேயே ஒத்திகை பார்ப்பேன். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துவிடும். ஒரு வீட்டுக்கு ஒரு தடவை போனால் போதும், திரும்பக் கூப்பிட்டுவிடக் கூடாது என்ற பயத்தில்தான் வேலையைச் சுத்தமாகச் செய்தேன். அதற்குத் தொழில் பக்தி என்று பெயர் வைத்தார்கள். நான் மறுக்கவில்லை. மறுப்பதென்றால் பேச வேண்டும்.

போன மாதம் வைட்ஃபீல்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். கேட்டில் ஒரு கேமராவைக் காட்டி முகத்தை நிமிர்த்தச் சொன்னார்கள். முகம் ஒத்துப்போனால்தான் தடுப்பு உயருமாம். இந்தக் கேமரா பதினாறு வருஷம் முன்னால் வந்திருந்தால் எனக்கு எழுத விஷயமே இருந்திருக்காது. வெறும் வழிமுறையை எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

என் படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோலார் தங்கவயலில் பிறந்தேன். பத்தாவது வரை தமிழ் மீடியம். சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் அப்பா என்னைப் பெங்களூர் ரயிலில் ஏற்றிவிட்டார். இரண்டு வருஷம் சுவரை உப்புத்தாளால் தேய்த்தேன், மூன்று வருஷம் பட்டி பூசினேன், அப்புறம் பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார்கள்.

சிலிகான் நாங்கள் கேட்காமலே வந்தது. அதுவரை சமையலறை என்றால் சுவர், கடப்பாக் கல், இரண்டு மர அலமாரி. பிறகு மாடுலர் கிச்சன் வந்தது. பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து சுவரோடு சேர்த்துப் பொருத்துவார்கள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே விழும் இடைவெளியில், பற்பசை மாதிரி ஒன்றைக் குழாயிலிருந்து பிதுக்கி, விரலால் தடவிவிட்டுப் போய்விடுவார்கள். காய்ந்தால் ரப்பர். தண்ணீர் இறங்காது, கரப்பான் நுழையாது. பெயிண்டும் ஒட்டாது. இந்தக் கடைசி விஷயம் பெயிண்டருக்கு மட்டுமே கவலை தருவது என்பதால், பெயிண்டர் வருவதற்கு முன்பே அவர்கள் அதைப் பூசி முடித்துவிடுவார்கள்.

எங்கள் சூப்பர்வைசர் தேவசகாயம் சார். லிங்கராஜபுரத்துக்காரர். இருபது வருஷம் பெயிண்ட் கம்பெனியில் இருந்தும் அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுப் பெயிண்ட்டை யாரும் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். ஆளைப் பார்த்தும் பேச மாட்டார். சுவரைப் பார்த்துப் பேசுவார். வேலை முடிந்ததும் ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பிடிப்பார். பக்கவாட்டு வெளிச்சத்தில், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். “ம்” என்பார். அவரிடம் இரண்டு ‘ம்’ உண்டு. ஒன்று சின்னது, வீட்டுக்குப் போகலாம். இன்னொன்று கொஞ்சம் நீளம், நாளைக்கும் இதே சுவர்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார்டு வைத்திருந்தார். எந்த வீடு, என்ன வேலை, யார் செய்தது, எந்த நாள். நாலும் அவருடைய சொந்தக் கையெழுத்தில், அச்சடித்த மாதிரி இருக்கும். யாராவது தகராறு செய்தால் கார்டை எடுத்து வைத்துவிட்டுச் சுவரிடம் சொல்வார்: “கார்டுல இருக்கிறது நடந்தது. கார்டுல இல்லாதது நடக்கல.”

பதினாறு வருஷம் முன்னால், வைட்ஃபீல்டில் புதிதாக எழும்பிய ஒரு டவரில் வீடுகளைச் சொந்தக்காரர்களுக்கு ஒப்படைக்கும் அவசரம். கூட வேலை செய்த பாஷாவுக்குக் காய்ச்சல். எனக்கோ கேட் பாஸ் இன்னும் வரவில்லை. பாஸ் இல்லாமல் செக்யூரிட்டி விடமாட்டான். தேவசகாயம் சார் பெட்டியிலிருந்து பாஷாவின் பாஸை எடுத்தார். பிளாஸ்டிக் உறைபோட்ட அட்டை, மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் போட்டோ. மீசை வைத்த யாருக்கும் அந்தப் போட்டோ பொருந்தும். அதை என் கழுத்தில் மாட்டிவிட்டு, லிஃப்ட் கதவைப் பார்த்துச் சொன்னார்: “மூணு நாளைக்கு நீ பாஷா.”

கேட்டில் செக்யூரிட்டி பாஸைப் படித்துவிட்டு “பாஷா பாய், ஊட்டா ஆய்த்தா?” என்றான், சாப்பிட்டாயா என்று. நானும் ஆய்த்து என்றேன். இல்லை, நான் ஏழுமலை என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. மூன்று நாளும் பாஷாவாக உள்ளே போய், பாஷாவாகச் சாப்பிட்டு, பாஷாவாக வெளியே வந்தேன்.

அந்த மூன்று நாளில் ஒரு வீடு, ஐந்தாவது மாடி, ஏரியைப் பார்த்த சமையலறை. சிலிகான் பூசி ஆறு மாதம் ஆகியிருந்தது. தூசியும் படிந்திருந்தது. அலமாரி ஓரத்தில் பிரஷ் வைத்தால் பெயிண்ட் நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் ஓடியது. மூன்று தடவை அடித்தேன், மூன்று தடவையும் ஓடியது. சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும். சாரிடம் போய்க் கேட்கலாம். ஆனால் கேட்பதென்றால் பேச வேண்டும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அன்று காலையில் என் மனைவி முகம் கழுவிவிட்டுச் சரியாகத் துடைக்காமல் பவுடர் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். ஈரத்தில் பவுடர் அப்படியே பிடித்துக்கொள்ளும். மதியம் கீழே கடைக்குப் போய் ஒரு சந்தன பவுடரும், பஞ்சு வைத்த பஃப்பும் வாங்கினேன். பழைய சிலிகானின் மேலேயே மெல்லிசாகப் புதுச் சிலிகான் ஒரு கோடு இழுத்தேன். அது ஈரமாக இருக்கும்போதே பஃப்பால் பவுடரை ஒற்றினேன். காய்ந்ததும் பார்த்தால் வழுவழுப்பு போய்ச் சுவர் மாதிரியே சொரசொரப்பாக இருந்தது. பெயிண்ட் ஓடவில்லை. தேவசகாயம் சார் டார்ச் அடித்துப் பார்த்தார். சின்ன ‘ம்’. கார்டில் பாஷா என்று எழுதிக்கொண்டார்.

அந்த மூன்று நாளில் மூன்று சமையலறைகளுக்குப் பவுடர் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பெரிய கண்டுபிடிப்பு என்ற கர்வம் உள்ளே இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நாலாவது மாதம், அதே டவரில் வேறு வேலைக்காகப் போனபோது, பவுடர் போட்ட ஒரு சமையலறையின் கதவு திறந்திருந்தது. அலமாரி ஓரம் முழுக்கப் பெயிண்ட், வெயிலில் அலைந்தவன் மூக்குத் தோல் மாதிரி உரிந்து தொங்கியது. பெயிண்ட் பிடித்திருந்தது பவுடரை. பவுடர் எதையும் பிடித்திருக்கவில்லை. அந்த வீட்டம்மா அந்தத் தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டே யாரிடமோ போனில் பெயிண்டரின் பரம்பரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் சத்தம் போடாமல் படி இறங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து நான் எந்த இடத்திலும் பழைய சிலிகானை விட்டுவைத்ததில்லை. சங்கத்தில் எல்லோரும் ‘ஏழுமலை முறை’ என்று சொல்வது இதுதான். மலருக்காக அதையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் அது சிலிகானா, இடைவெளி அடைக்கப் பூசும், பெயிண்ட் ஏற்கும் சாதாரண சீலன்ட்டா என்று பார்க்க வேண்டும். மூலையில் சின்னத் துண்டு வெட்டி இழுத்தால், சாதாரணமானது பிய்ந்துவிடும். சிலிகான் நீளும், விட்டால் பழைய இடத்துக்கே போகும். சிலிகான் என்றால் அதன்மேல் பெயிண்ட் அடிக்கும் ஆசையை அங்கேயே விட்டுவிட வேண்டும். அலமாரிப் பக்கம் பெயிண்ட் படாதபடி மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்ட வேண்டும். கட்டரில் புது பிளேடு. சுவரோரம் ஒரு வெட்டு, அலமாரி ஓரம் ஒரு வெட்டு, பிளேடைப் படுக்க வைத்து. பிறகு ஒரு முனையைக் கிளப்பி மெதுவாக இழுத்தால் முழு நீளமும் வந்துவிடும். அவசரப்பட்டால் அறுந்துவிடும், அறுந்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

மிச்சம் மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருக்கும். இதைச் சுரண்ட இரும்பு கூடாது, அலமாரியின் மைக்காவில் கீறல் விழும். பழைய பிளாஸ்டிக் அட்டைதான் சரி. பிறகு வெள்ளைத் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒரே திசையில் துடைக்க வேண்டும். தின்னர் மைக்காவின் பளபளப்பைத் தின்றுவிடும். டர்பன்டைன் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிடும். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இங்கே எடுத்ததை அங்கே பூசுகிறோம். சுவர்ப் பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, விரலால் அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்க்க வேண்டும். முத்தாக நின்றால் சிலிகான் இன்னும் இருக்கிறது. பரவினால் போய்விட்டது. அப்புறம் பிரைமர், இரண்டு கோட் பெயிண்ட், ஈரம் காயும் முன்பே டேப்பை எடுப்பது. ஒரு ராத்திரி காயவிட்டு, கடைசியாகப் புதுச் சிலிகான். பெயிண்ட் முதலில், சிலிகான் கடைசியில். உலகத்தில் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நான் சுரண்டுவதற்கு வைத்திருந்த பிளாஸ்டிக் அட்டை பாஷாவின் அந்தப் பாஸ்தான். மூன்று நாள் முடிந்ததும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை, காய்ச்சல் சரியாகி வந்த பாஷாவுக்குப் புதிதாகப் போட்டுவிட்டார்கள். திருப்பிக் கொடுக்கப் போனால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கருவிப் பையிலேயே இருந்துவிட்டது. நல்ல அட்டை. வளையும், உடையாது.

இனி அந்த வீடு. ஏழு வருஷம் முன்னால் அதே டவரிலிருந்து அழைப்பு வந்தது. சமையலறையில் அலமாரி ஓரமெல்லாம் பெயிண்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது, மூன்று பெயிண்டர்கள் மேலே மேலே அடித்துப் பார்த்துவிட்டார்கள் என்று புகார். ஏழுமலையை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். நானும் பாஷாவும் போனோம். அதற்குள் பாஷா கம்பெனியில் நல்ல பெயர் எடுத்திருந்தான். பக்கத்தில் கட்டி முடித்த புது டவருக்கு அவன்தான் மேஸ்திரி என்று பேச்சு. மேஸ்திரி பிரஷ் பிடிக்க வேண்டாம், வீட்டுக்காரர்களிடம் பேசி வேலை வாங்கினால் போதும். பாஷா அதற்காகவே பிறந்தவன், லிஃப்டில் ஏறினால் மேலே போவதற்குள் மூன்று பேருக்கு மாமா ஆகிவிடுவான். இரண்டு முழுக்கைச் சட்டை தைத்து வைத்திருந்தான். பையில் குத்த ஒரு பேனாவும் வாங்கி, அப்போதே குத்திக்கொண்டு திரிந்தான்.

வீட்டுக்காரம்மா பெயர் சுபத்ரா. கோயம்புத்தூர்க்காரர், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. காதில் மாட்டிய மைக்கோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பார். நாம் ஏதாவது கேட்டால் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு, “மியூட்ல போட்டுட்டேன், சொல்லுங்கண்ணா” என்பார். நான் அதற்குப் பயந்து எதுவும் கேட்காமலே வேலை செய்தேன்.

ஜன்னலுக்கு வெளியே ஏரி இல்லை, வேறொரு கட்டடம் நின்றது. அதனால் வீடு எனக்குப் பிடிபடவில்லை. முதல் சிலிகான் கோட்டை வெட்டி இழுத்தபோதுதான் பிடிபட்டது. நாலு அடுக்குப் பெயிண்ட்டோடு சிலிகான் பாம்புச் சட்டை மாதிரி வந்தது. அதன் முதுகிலிருந்து வெள்ளைத் தூள் கொட்டியது. ஒன்பது வருஷம் உள்ளே அடைபட்டுக் கிடந்த சந்தன வாசனை சமையலறையில் லேசாகப் பரவியது.

அந்த நேரத்தில்தான் தேவசகாயம் சார் வந்து நின்றார். கர்ச்சீப்பால் விரலைச் சுற்றிக்கொண்டு தூளைத் தொட்டு முகர்ந்தார். “ஏழுமலை, இது என்ன வாசனைப்பா?” என்று சுவரைக் கேட்டார்.

“தெரியல சார்,” என்றேன்.

பாஷா குனிந்து மோந்தான். “அரே! இது என் வீட்டுக்காரி போடுற பவுடர்ணா! சந்தன பவுடர்! எவன்ணா அவன், சுவத்துக்கு மேக்கப் போட்டுட்டுப் போயிருக்கான்? பொட்டு வெச்சு பூவும் வெச்சிருக்கலாம்ல?”

சுபத்ரா மேடம் சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

தேவசகாயம் சார் சிரிக்கவில்லை. “இது தெரியாம பண்ணினது இல்ல. நம்ம பேர்ல எவனோ நாடகம் ஆடியிருக்கான். கார்டு பார்க்கலாம்,” என்றார்.

அன்றும் மறுநாளும் சுரண்டித் துடைத்துப் பிரைமர் அடித்தோம். அதற்கு அடுத்த நாள் இரண்டு கோட் பெயிண்ட் முடித்து டேப்பை உரித்துக்கொண்டிருக்கும்போது சார் கார்டோடு வந்தார். மஞ்சள் ஏறியிருந்தது. எழுத்து மட்டும் நேற்று எழுதிய மாதிரி இருந்தது. வீடு, வேலை, நாள். யார் என்ற இடத்தில் பாஷா.

பாஷா கார்டை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தான். “சார், நான் இந்த வீட்டுக்கு வந்ததா ஞாபகமே இல்ல சார்.”

“கார்டுக்கு ஞாபகம் இருக்கு.”

“பவுடரெல்லாம் நான் போடமாட்டேன் சார். சத்தியமா.”

“உன் வீட்டுக்காரி பவுடர்னு நீதானப்பா சொன்னே? நான் சொல்லலையே,” என்றார் சார் சுவரிடம். பாஷா கார்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான்.

மேடம் மியூட்டில் போட்டுவிட்டு, “பழசெல்லாம் எதுக்குங்க சார்? இனிமே உரியாம இருந்தாப் போதும்,” என்றார். நியாயமான பேச்சு. நியாயமான பேச்சுக்குக் கார்டில் இடம் இல்லை.

லிஃப்ட் பக்கத்தில் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “புது டவருக்கு பாஷா பேரைத்தான் வெச்சிருந்தேன். இனிமே அவனை வேலையிலயே வெச்சுக்க முடியாது. நாளைக்கு ஆபீஸ்ல பேர் கொடுக்கணும். முப்பத்திரண்டு வீடு. நீதான் மேஸ்திரி.”

“எனக்கு வேணாம் சார்.”

“அதனாலதான் உனக்கு. வேணும்னு நிக்கறவனுக்கு நான் கொடுக்கறதில்ல.”

பொம்மனஹள்ளி வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பும்போது இரண்டு பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒன்று, நான் செய்ததற்காகப் பாஷாவின் வேலை போகிறது. இரண்டு, முப்பத்திரண்டு வீட்டில் நான் பெல் அடிக்க வேண்டும். எது பெரிய பயம் என்று நேர்மையாகச் சொன்னால் படிக்கிறவர்களுக்கு என்மேல் உள்ள மரியாதை போய்விடும். போகட்டும். பெல்தான் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றாகவே இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுவது. மார்த்தஹள்ளி சிக்னலில் பஸ் நின்ற நேரம் முழுக்க ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். ‘அந்த மூணு நாள் பாஷா பாஸ்ல வந்தது நான்தான் சார்.’ கண்டக்டர் என்ன முணுமுணுக்கிறாய் என்று கேட்கும் அளவுக்குச் செய்தேன்.

மறுநாள் காலை புதுச் சிலிகான் இழுப்பது மட்டும் பாக்கி. சார் கடைசி டார்ச் பார்க்க வந்திருந்தார். பாஷா கணக்கு முடிக்கத் தயாராக, பேனாவைப் பையிலிருந்து எடுத்துவிட்டு நின்றான். மேடம் வழக்கம்போல மேஜையில். நான் சமையலறை நடுவில் நின்று, தொண்டையைச் செருமினேன். எல்லோரும் திரும்பினார்கள். நான் செருமி யாரும் கேட்டதில்லை.

மேடம் பொத்தானைத் தட்டினார். “மியூட்ல இருக்கேன், சொல்லுங்கண்ணா.”

சொன்னேன். மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். அது முடிந்ததும் நிறுத்தத் தெரியாமல், காய்ச்சல், பாஸ், செக்யூரிட்டி, என் மனைவி, பஃப், மூன்று சமையலறை எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் தொடர்ந்து பேசிய நீளமான பேச்சு அதுதான்.

தேவசகாயம் சார் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: “அப்படி ஒண்ணு நடக்காதுப்பா. ஒருத்தன் பாஸ்ல இன்னொருத்தன் உள்ள போறது நம்ம கம்பெனியில கிடையாது.”

“நீங்கதான் சார் என் கழுத்துல மாட்டினீங்க.”

“நான் அப்படிச் செய்யற ஆளா?”

அவர் பொய் சொன்னதாக நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. பாஷா என்று தன் கையால் கார்டில் எழுதிய நிமிஷமே அவருக்கு அது பாஷாவாகிவிட்டது. என்னிடம் ஒரு அத்தாட்சி இருந்தது. கருவிப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். “இதான் சார் அந்தப் பாஸ்.”

வாங்கித் திருப்பிப் பார்த்தார். டார்ச் அடித்துக்கூடப் பார்த்தார். ஒன்பது வருஷம் சிலிகானைச் சுரண்டியதில் பெயரும் போட்டோவும் தேய்ந்துபோய், இரண்டு பக்கமும் வெறும் வெள்ளையாக இருந்தது. இத்தனை வருஷம் என் கையில் இருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை.

“இது வெள்ளை அட்டைப்பா,” என்று மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். அவர் முகம் இளகியிருந்தது. “கூட வேலை செய்யறவனுக்காக இந்த அளவுக்கு ஒருத்தன் போவான்னு நான் நினைக்கல.”

மேடத்தின் கண் கலங்கியிருந்தது. அப்போது லேப்டாப்பிலிருந்து கை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு ஆண் குரல், தமிழில்: “சுபத்ரா, நீங்க மியூட்ல இல்ல. பரவாயில்ல. அந்த அண்ணா கிரேட்னு சொல்லுங்க.” அன்றைக்குக் கூட்டத்தில் பதினாலு பேர் இருந்தார்களாம். பேசுவதற்கு நான் ஏன் பயப்படுகிறேன் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

தேவசகாயம் சார் தீர்ப்பைச் சுவருக்குச் சொன்னார். ஏழுமலை இவ்வளவு தூரம் கேட்டுக்கொண்டதால் பாஷா வேலையில் இருக்கலாம், ஆனால் பெயிண்டராக, ஏழுமலைக்குக் கீழே. சிலிகானை முறையாக எடுப்பது எப்படி என்று ஏழுமலையிடம் கற்றுக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட மனசு உள்ளவன்தான் மேஸ்திரியாக இருக்கத் தகுதியானவன். “வேற பேரே யோசிக்க வேணாம்,” என்றார். சின்ன ‘ம்’.

கடைசிக் கோட்டைப் பாஷாதான் இழுத்தான். ஒரே மூச்சில், ஒரு நெளிவில்லாமல். என்னால் அப்படி முடியாது. சாமான்களைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்காகப் பொய் சொன்னேயே அண்ணா.”

“பொய் இல்ல பாஷா. நிஜமாவே நான்தான்.”

“போதும்ணா. இங்க சாரும் இல்ல, மேடமும் இல்ல.”

“அல்லா சத்தியமா நான்தான்டா.”

“என் அல்லாவை ஏன்ணா உன் பொய்க்கு இழுக்குறே?” என்று சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். “நான் பண்ணியிருப்பேன்ணா. அந்த வருஷம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்துது, உனக்கு ஞாபகம் இருக்கா? புத்தியே சரியில்லாம இருந்தேன். அப்பதான் எதையோ பண்ணித் தொலைச்சிருப்பேன்.”

மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தேன். அவன் அந்தப் பேனாவை எடுத்து என் சட்டைப் பையில் குத்திவிட்டான். “மேஸ்திரிக்குப் பேனா வேணும்,” என்றான். நான் பேனாவோடு படி இறங்கினேன்.

தோள் எலும்பு தேய்ந்து நான் வேலையை விடும்வரை, ஆறு வருஷம் மேஸ்திரியாக இருந்தேன். பெல் அடித்ததெல்லாம் பாஷா, பேசியதெல்லாம் பாஷா. நான் பின்னால் நின்று தலையாட்டினேன். கார்டில் என் பெயர் இருந்தது. எனக்குப் பிறகு அவனை மேஸ்திரி ஆக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பழைய கார்டைக் காட்டி மறுத்துவிட்டார்கள். பாஷா நன்றாகத் தமிழ் பேசுவான், ஆனால் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாது. இதை எழுதத் துணிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று முதலில் நினைத்தேன். இப்போது யாராவது அவனுக்குப் படித்துக் காட்டினால் நல்லது என்று தோன்றுகிறது. அவன் நம்பமாட்டான்தான்.

அவன் பேனா கொடுத்ததற்கு மறுநாள் காலை எட்டரை மணிக்குப் புது டவர் கேட்டில் எங்களுக்குப் பாஸ் கொடுத்தார்கள். என்னுடையதில் மேஸ்திரி என்று இருந்தது. பாஷாவுடையதில் பெயிண்டர் என்று இருந்தது. இரண்டிலும் பெயரும் போட்டோவும் சரியாக இருந்தன.